ரெண்டாவது வந்த தெரு

ஊருணித் தெருவுக்கு முதன்முதலில் வந்து சேர்ந்தது தாடி ஒதுக்குகிற மெஷின். கோவில்பட்டியில் ஒரு காலத்தில் தண்ணீர் கிடந்த ஊருணியைத் தூர்த்துக் கட்டிய நாற்பது வீட்டுத் தெரு அது, நாற்பது வீட்டிலும் சென்னைக்கோ கோயம்புத்தூருக்கோ ஓசூருக்கோ வேலைக்குப் போன பிள்ளை ஒன்றாவது உண்டு, ஒன்றாம் தேதி பிறந்துவிட்டால் அம்மாமார்கள் கைவேலை எதுவும் ஓடாமல் போனை எடுத்து எடுத்துப் பார்த்து வைப்பார்கள், அப்பேர்ப்பட்ட தெருவில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை சண்முகத்தாய் அடுப்படிக்குள் நுழைந்தபோது அரிசி டிரம்மின் மூடிமேல் அந்த மெஷின் புத்தம்புதுசாக, சார்ஜ் வயரோடு உட்கார்ந்திருந்தது. அவள் அதைக் கரண்டிக் காம்பால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தாள். கடிக்கவில்லை என்று தெரிந்ததும் சென்னையில் சாப்பாடு டெலிவரி செய்கிற மகன் கற்குவேல்ராஜுக்குப் போன் போட்டாள்.

"ஏல, அடுப்படியில ஒரு மிசினு கெடக்கு. முடி வெட்டுறது மாதிரி இருக்கு."

"எம்மா, நேத்துதான் நானும் அதே மாதிரி ஒண்ணு வாங்குனேன். ரொம்ப நாளா ஆசைம்மா."

"கிறுக்குப் பயலே, இருக்குறது ஒரு மூஞ்சி. எதுக்குல ரெண்டு?"

ஒன்றுதான் வாங்கினேன் என்று அவன் சாமி மேல் சத்தியம் பண்ணியும் அவள் நம்பவில்லை. அவள் வீட்டுக்காரர் பரமசிவம் மட்டும் ஒன்றும் கேட்காமல் மெஷினை எடுத்துக்கொண்டு போய், பத்து வயது குறைந்து திரும்பி வந்தார்.

புதன்கிழமை மூன்றாவது வீட்டு அம்மிமேல் ஆவி பறக்கச் சிக்கன் ரைஸ் வந்தது, வியாழக்கிழமை எதிர்வீட்டு மிக்சிக்குப் பக்கத்தில் வெள்ளை ஷூ ஒரு ஜோடி வந்தது, வெள்ளிக்கிழமை விரதம் இருந்த கோமதியம்மாளின் அடுப்படியில் மட்டன் பிரியாணி அவித்த முட்டையோடு வந்து இறங்கியது, அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தட்டுப் போட்டு மூடி, சனிக்கிழமை விடிந்ததும் சூடுபண்ணிச் சாப்பிட்டுவிட்டு, தன் மகன் வெளியூர் போன பிறகு வெள்ளிக்கிழமை விரதம் பார்ப்பதில்லை என்பதை மனசுக்குள் முடிந்துவைத்தாள். யாரோ திருட்டுச் சாமான் பதுக்குகிறார்கள் என்று கேள்விப்பட்டு விசாரிக்க வந்த ஏட்டையாவுக்கு அந்நேரம் எங்கிருந்தோ வந்திறங்கிய குளிர்ந்த காபியைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். அவர் மீசையிலிருந்த நுரையைத் துடைத்துக்கொண்டு, பொருளைக் காணோம் என்று புகார் வந்தால் எழுதலாம், பொருள் வந்துவிட்டது என்று எப்படி எழுதுவது என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஒரு மாதத்தில் தெரு அதற்குப் பழகிவிட்டது. அதற்கு ‘ரெண்டாவது’ என்று பெயரும் வைத்தாயிற்று. குழாயடியில் குடத்தை வைத்ததும், இன்னைக்கு உனக்கு ரெண்டாவது என்ன வந்துச்சு என்றுதான் பேச்சு தொடங்கும், அந்தப் பேச்சில்தான் அதன் சட்டதிட்டமெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. பிள்ளை தன் சம்பளத்தில், தனக்கென்று, ஆசைப்பட்டு வாங்கியது மட்டும்தான் வரும். வாடகை கட்டினால் வராது, சோப்பு வராது, ரீசார்ஜ் வராது, காய்ச்சல் மாத்திரை வராது. யாரோ ஒருத்திக்கு ரகசியமாக வாங்கிக் கொடுத்த கொலுசும் வராது, அதனால் தெருவில் நான்கைந்து பையன்கள் தப்பித்தார்கள். அம்மாவின் அடுப்படிக்குத்தான் வரும், அப்பாவின் பெயருக்கு ஒரு குண்டூசிகூட வராது, இதில் அப்பாக்களுக்கு நெடுநாள் மனவருத்தம் இருந்தது. கற்குவேல்ராஜ் தவணையில் பைக் எடுத்தபிறகுதான் அந்த வருத்தம் கொஞ்சம் ஆறியது, ஏனென்றால் அவன் முன்பணம் கட்டிய அன்று ஹேண்டில்பாரும் முன்சக்கரமும் வந்தன, அடுத்த தவணைக்குப் பெட்ரோல் டேங்க் வந்தது, அதற்கடுத்த தவணைக்கு சீட் வந்தது, பரமசிவம் அந்த சீட்டை முற்றத்தில் இரண்டு செங்கல்மேல் ஏற்றிவைத்து ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம் தோறும் உட்கார்ந்தார். கடைசி வீட்டு ராஜகனியின் ஆட்டுக்கல்மேல் ஒருநாள் சிகரெட் பாக்கெட் ஒன்று வந்தது. அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை, மகனுக்குப் போன் போட்டுத் தொண்டை எப்படிப்பா இருக்கு என்று மட்டும் கேட்டாள், அவன் அதற்குப் பிறகு சூயிங்கம் வாங்கத் தொடங்கினான்.

இதில் அம்மாமார்களுக்குப் பிடித்துப்போன விஷயம் ஒன்று இருந்தது. ரெண்டாவதுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை. பிள்ளை அனுப்புகிற பணத்தை எடுத்து ஒரு பாதாம்பால் குடிக்க அந்தத் தெருவில் எவளுக்கும் கை வராது, அது பிள்ளை ரத்தம் என்பார்கள். ஆனால் தானாக வந்த பாதாம்பாலை என்ன செய்ய முடியும், குடிக்காவிட்டால் திரிந்துபோகும். ஆகவே குடித்தார்கள், உதட்டில் ஒட்டியதையும் விடாமல் குடித்தார்கள், இரண்டு மாதத்தில் தெருவிலுள்ள அம்மாமார்களின் கன்னத்தில் லேசாக ஒரு மினுமினுப்பு வந்தது.

ஒரே ஒரு வீட்டுக்கு மட்டும் எதுவும் வரவில்லை. அது மாரீஸ்வரியின் அம்மா குருவம்மாளின் வீடு.

மாரீஸ்வரிக்கு இருபத்து நான்கு வயது. ஓசூரில் போனுக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில், ஒரு நாளைக்கு மூவாயிரம் திருகாணியை லென்ஸ் வழியாகப் பார்த்து நல்லது கெட்டது பிரிக்கிற வேலை. பதினேழாயிரம் சம்பளம் ஏறிய அன்றே எட்டாயிரம் அம்மாவுக்குப் போகும், மூவாயிரம் போஸ்ட் ஆபீஸ் சேமிப்புக்குப் போகும், அறை வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் கிடப்பதைப் பார்த்தால் அவளுக்கே அதன்மேல் இரக்கம் வரும். அப்பா இறந்து பத்து வருஷம். கடலைமிட்டாய் கம்பெனியில் நின்றுகொண்டே பாக்கெட் போட்டுப் போட்டு அம்மாவுக்கு முழங்காலுக்குக் கீழே வீங்கிவிட்டது, அதனால்தான் எட்டாயிரம், அம்மா வேளாவேளைக்கு நல்லதாகச் சாப்பிட வேண்டும், காலுக்கு மெத்தென்று செருப்பு வாங்க வேண்டும் என்றுதான் அவ்வளவும். வாங்கினாயா என்று கேட்டால் அம்மா வாங்கணும்ட்டி என்பாள். மாரீஸ்வரியே ஒருமுறை செருப்பு வாங்கிக் கூரியரில் அனுப்பினாள். குருவம்மாள் அதை மஞ்சள் பையில் சுற்றி, நல்லநாள் பொல்லநாளுக்குப் போட்டுக்கொள்ளலாம் என்று பீரோவில் வைத்துப் பூட்டினாள். எட்டாயிரமும் மாதாமாதம் நகைச்சீட்டுக்குப் போனது, மகள் கழுத்துக்கு, சோற்றுக்கு இன்னமும் அந்தக் கம்பெனிக் கூலிதான். மகள் வயிற்றைக் கட்டி அம்மாவுக்கு அனுப்ப, அம்மா வயிற்றைக் கட்டி மகளுக்குச் சேர்க்க, நடுவில் இருந்த நகைக்கடைக்காரர் ஒருவர்தான் இவர்கள் இரண்டு பேர் அன்பிலும் நன்றாக இருந்தார்.

ரெண்டாவது பற்றி மாரீஸ்வரிக்கும் தெரியும். அவள் அதில் கொஞ்சம் பெருமைகூடப் பட்டாள், என் அம்மாவை நான் வேண்டாத சாமான் அனுப்பித் தொந்தரவு பண்ணுவதில்லை என்று அறையில் கூட இருக்கிற தவமணியிடம் சொல்லியிருக்கிறாள். தர்மபுரிக்காரியான தவமணி, சம்பளத்தன்று சினிமா பார்த்து, மறுநாள் கடன் கேட்கிற ஜாதி. அவள் ஊரில் ரெண்டாவதெல்லாம் கிடையாது. இருந்திருந்தால் வர்ற சாமானை வைக்க எங்க அம்மா வீட்டுக்கு இன்னொரு மாடி கட்டியிருப்பாங்க என்பாள்.

சித்திரை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சண்முகத்தாய் மாரீஸ்வரிக்குப் போன் போட்டாள். எப்போதும் முதலில் மழை உண்டா என்று கேட்கிறவள், அன்று நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"ஏம்மா மாரி, நீ நேத்து கேக்கு வாங்கித் தின்னியா?"

"இல்லையே சித்தி."

"அதான் நெனச்சேன். ஒங்கம்மா நேத்து தெருவுல எல்லாருக்கும் கேக்கு கொடுத்தா. எம்மகளோட ரெண்டாவது வந்திருக்குன்னா. ஒரு துண்டு எனக்கும் தந்தா. நான் ஒண்ணும் சொல்லல, வாங்கித் தின்னுட்டேன். ஆனா முந்தாநாளு சாயங்காலம் மெயின்ரோட்டு பேக்கரியில அவ அதே கேக்க வாங்கும்போது நான் பின்னாடிதான் நின்னேன். கைக்குட்டையில முடிஞ்ச காச அவுத்து எண்ணி எண்ணிக் கொடுத்தா. பாக்கச் சகிக்கலட்டி."

சண்முகத்தாய் மேற்கொண்டு சொன்னாள், மூன்று மாதமாக ஒன்றுமே வராததால் தெருவில் ஆளாளுக்கு ஒன்று பேசுகிறார்கள், மகளுக்கு அம்மாமேல் பாசம் விட்டுப்போச்சு என்று ஒருத்தி சொன்னாள், அந்தப் பிள்ளைக்கு அங்கே வேலையே இல்லையாம் என்று இன்னொருத்தி சொன்னாள், அதைக் கேட்டுத்தான் குருவம்மாள் கேக்குக்குப் போயிருக்கிறாள்.

"கேக்குல அவ ஒரு வாய்கூட வைக்கல. எல்லாத்தையும் பங்குபோட்டுட்டு, வீட்டுக்குள்ள போயி பழைய சோறும் மொளகாயும் தின்னா. நான் சன்னல் வழியாப் பாத்தேன். ஏம்மா, ஒனக்கு ஆசைன்னு ஒண்ணுமே இல்லையா?"

போனை வைத்த பிறகு மாரீஸ்வரி பாய்மேல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அம்மா பொய் சொன்னது அவளுக்கு வலிக்கவில்லை, கைக்குட்டை முடிச்சுதான் வலித்தது. அம்மா பட்டினி கிடக்கக் கூடாது என்று தான் பட்டினி கிடந்ததெல்லாம் கடைசியில் இரண்டு பட்டினியாகத்தான் முடிந்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு அழுகையோடு கோபமும் வந்தது. இனி அம்மாவை நல்லதாகச் சாப்பிட வைக்க வேண்டுமானால் ஒரு வழிதான் இருக்கிறது, நான் ஆசைப்பட்டுச் சாப்பிட வேண்டும் என்று முடிவு செய்தாள்.

அது அவள் நினைத்ததுபோல் லேசான காரியமாக இல்லை. மறுநாள் ஆப்பிள் ஒரு கிலோ வாங்கித் தின்றாள், அம்மாவுக்கு ரத்தம் ஊறட்டும் என்று நினைத்துக்கொண்டே தின்றாள், ஊரில் ஒன்றும் வரவில்லை. சத்துமாவுக் கஞ்சி குடித்தாள், வரவில்லை. அம்மாவின் அளவில் ஏழாம் நம்பர் செருப்பு ஒன்று வாங்கிப்போட்டுக்கொண்டு, இது எனக்குத்தான், இது எனக்குத்தான் என்று சொல்லியபடி கம்பெனி பஸ்வரை தடக் தடக்கென்று நடந்தாள், தவமணி விழுந்து விழுந்து சிரித்ததுதான் மிச்சம். ரெண்டாவதை ஏமாற்ற முடியவில்லை. அதற்கு எப்படியோ தெரிந்திருந்தது, இவள் கை வாங்குகிறது, மனசு கோவில்பட்டியில் நிற்கிறது என்று.

"சரி, அம்மாவ விடு," என்றாள் தவமணி. "உனக்கு என்னாடி புடிக்கும்?"

"எதுனாலும் புடிக்கும்."

"எதுனாலும்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம். ஒண்ணு சொல்லு. ஒரே ஒண்ணு."

மாரீஸ்வரி யோசித்தாள். லென்ஸ் வழியாக மூவாயிரம் திருகாணியில் பழுதைக் கண்டுபிடிக்கிறவளுக்கு, தனக்குள்ளே இருக்கிற ஆசையில் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்போது தொலைத்தோம் என்றும் தெரியவில்லை. பள்ளிக்கூடம் படிக்கும்போது எல்லாம் இருந்தது, ரிப்பன், கோன் ஐஸ், கலர் பேனா, அப்பா இருந்த காலத்தில் அதையெல்லாம் கேட்டு அழுதிருக்கிறாள், அப்பா போன பிறகு ஒருநாள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள், மூடிய வாயோடு ஆசையும் உள்ளே போய் எங்கோ படுத்துக்கொண்டது.

வைகாசி கடைசியில் ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ் சிக்னலில் நின்றபோது, ரோட்டோரத் தள்ளுவண்டியில் ஒருவன் பலாப்பழத்தைப் பிளந்துகொண்டிருந்தான். வாசனை பஸ்ஸுக்குள் ஏறி வந்தது. மாரீஸ்வரி எழுந்தாள், ஏன் எழுந்தோம் என்று அவளுக்கே தெரியாது, டிரைவரிடம் கதவத் தொறங்கண்ணே என்றாள், இறங்கினாள், இருபது ரூபாய்க்குச் சுளை வாங்கி நின்ற இடத்திலேயே தின்றாள், இன்னும் இருபது ரூபாய்க்கு வாங்கித் தின்றாள், அதற்கும் மேல் இருபது ரூபாய்க்கு வாங்கி, விரலில் ஒட்டிய பிசினையும் பல்லால் சுரண்டித் தின்றாள். அந்தக் கால்மணி நேரத்தில் அவள் யாரையும் நினைக்கவில்லை. அம்மா என்று ஒருத்தி இருப்பதையே மறந்துபோனாள். அறைக்கு நடந்தே வந்து சேர்வதற்குள் போன் அடித்தது.

"ஏட்டி!" அம்மாவின் குரல் கிணற்றுக்குள் இருந்து கத்துவதுபோல் இருந்தது. "ஏட்டி, பலாச்சொளை வந்திருக்குட்டி! அம்மிமேல! மஞ்சமஞ்சேன்னு, இம்புட்டு!"

"தின்னும்மா."

"தெருவெல்லாம் வாசமா இருக்கு. சண்முகத்தாயி இப்பதான் வந்து பாத்துட்டுப் போறா. நீ நல்லா இருக்கியாட்டி? வயித்துக்கு ஒண்ணும் செய்யலையே?"

"தின்னும்மா மொதல்ல. யாருக்கும் கொடுக்காத."

மறுமுனையில் கொஞ்சநேரம் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. மாரீஸ்வரி ரோட்டில் நின்று அதைக் கேட்டுக்கொண்டே இருந்தாள், பத்து வருஷத்தில் அம்மா ருசித்துத் தின்னும் சத்தத்தை அவள் கேட்டதில்லை.

ஒரு ஆசை எழுந்ததும் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக முழித்துக்கொண்டது. பரோட்டாவும் சால்னாவும் வந்தன. தலைக்குத் தேய்க்கிற வாசனை எண்ணெய் வந்தது. வெறுந்தரையில் பாய் போட்டுப் படுத்துப் படுத்து நொந்த முதுகுக்கு அவள் ஒரு இலவம்பஞ்சு மெத்தை வாங்கினாள், அது குருவம்மாளின் அடுப்படிக்குள் நட்டக்குத்தலாக நின்று வழியை மறித்தது, அதை வெளியே இழுக்க நாலு பேர் வேண்டியிருந்தது, பரமசிவம் பைக்கிலிருந்து, அதாவது சீட்டிலிருந்து, இறங்கி வந்து ஒரு கை பிடித்தார். ராஜகனி குழாயடியில் முதல் குடத்தைக் குருவம்மாளுக்கு விட்டுக்கொடுத்தாள்.

ஆனால் மெத்தை சும்மா வருமா. ஆனி மாதம் மாரீஸ்வரி அம்மாவுக்கு எட்டாயிரத்துக்குப் பதில் ஐயாயிரம்தான் அனுப்பினாள். சேமிப்பில் கை வைக்கவில்லை, அம்மா பங்கில் மூவாயிரத்தை என் வழியாகவே அம்மாவுக்கு அனுப்புகிறேன் என்பது அவள் நியாயம். குருவம்மாளுக்கு அந்த நியாயம் இறங்கவில்லை. நகைச்சீட்டுக்கு மூவாயிரம் துண்டு விழுந்தது. பணம் வந்த அன்று சாயங்காலமே மகளைப் போனில் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டாள்.

"ஊதாரியாப் போயிட்டட்டி நீ. நாளைக்கு ஒருத்தன் வந்து கேட்டா, மெத்த இருக்கு, பரோட்டா தின்னா, அத எடுத்துக்கோன்னா சொல்ல முடியும்?"

"நீ அந்த மெத்தையிலதான படுத்திருக்க?"

"படுத்திருக்கேன். நல்லாத்தான் இருக்கு. அதுக்காக?"

"நான் அனுப்புறது ஒனக்கும்மா. என் கழுத்துக்கு இல்ல. பத்து வருசமா ஒனக்குன்னு ஒரு சாமான் வாங்கியிருக்கியா? ஒண்ணு சொல்லு."

"எனக்கு என்னட்டி வேணும்?"

அந்தக் கேள்விதான் மாரீஸ்வரிக்கு உள்ளே எங்கோ போய்த் தைத்தது. தவமணி தன்னிடம் கேட்டபோது தானும் இதே குரலில்தான் எதுனாலும் என்று சொன்னோம் என்று நினைவுக்கு வந்தது. இது இரண்டு பேருக்கும் ஒட்டிய நோய், ஒருத்தி மட்டும் குணமாகிப் பயனில்லை என்று அவளுக்குப் பட்டது, அதனால் கல் மனசோடு ஒரு வார்த்தை சொன்னாள்.

"ஆடி முடியிறதுக்குள்ள ஒனக்குன்னு ஆசைப்பட்டு ஒண்ணு வாங்கு. எனக்கு இல்ல, வீட்டுக்கு இல்ல, சாமிக்கு இல்ல. வாங்கலைன்னா ஆவணி ஒண்ணுலயிருந்து நானும் பழையபடி ஒண்ணும் வாங்க மாட்டேன். பாயில படுக்கேன். கம்பெனிச் சோறு மட்டும் திங்கேன். ஒன் எட்டாயிரம் வந்துரும், நீ சீட்டுப் போடு."

"பாயில படுப்பியா? ஏட்டி, முதுகு என்னத்துக்கு ஆகும்?"

"அப்ப வாங்கு."

குருவம்மாள் மிரண்டுபோனாள். தன் வயிறு காய்ந்தால் அவளுக்கு ஒன்றுமில்லை, மகளுக்குத் திரும்பத் தரையில் பாய் என்றால் தாங்காது. ஆடி பிறந்த முதல் வாரமே ஐந்நூறு ரூபாயை எடுத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள், இரண்டு மணி நேரம் சுற்றினாள், மூன்றடுக்கு டிபன் கேரியரோடு திரும்பினாள். யாருக்கு என்று மாரீஸ்வரி கேட்டதும், நீ கல்யாணமாகிப் போகும்போது என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். இரண்டாவது வாரம் குத்துவிளக்குத் திரி நூறு வாங்கி வந்தாள். மூன்றாவது வாரம் தனக்குத்தான் என்று அடித்துச் சொல்லி ஒரு புடவை எடுத்தாள், பிரித்துப் பார்த்தால் அது சண்முகத்தாய்க்குப் பிடித்த ஊதா கலர், அவளுக்கே கொடுத்துவிட்டாள். தெருவே சேர்ந்து யோசனை சொன்னது, கோமதியம்மாள் பட்டுப்பாவாடை என்றாள், பரமசிவம் பைக் என்றார். குழாயடியில் ராஜகனி ஒருநாள், நாமெல்லாமே இந்த வேலைக்கு லாயக்கில்லாதவங்கதான் குருவக்கா, நானும் யோசிச்சுப் பாத்தேன், எனக்கும் ஒண்ணும் தோணல என்றாள். அதைக் கேட்டு அங்கே நின்ற அத்தனை பேரும் கொஞ்சநேரம் தண்ணீர் நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஆடி கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. மறுவாரம் ஆவணி. மாரீஸ்வரி மெத்தையைச் சுருட்டிக் கட்டக் கயிறு வாங்கி வைத்துவிட்டாள், சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற ஆத்திரத்தில் வாங்கினாளே தவிர, வாங்கியதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அன்று காலை பத்து மணிக்குத் துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டு அறைக்குள் வந்தபோது, சுவர் அலமாரியில் சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவே ஒரு கறுப்புக் கண்ணாடி இருந்தது. பெரிய வட்ட வட்டமாக, ஓரத்தில் தங்கக் கலர் பட்டை போட்ட கூலிங் கிளாஸ்.

"ஏ தவமணி, ஒன் கண்ணாடிய ஏன் என் அலமாரியில வச்ச?"

"என்னுது இல்லடி. இம்மாம் பெரிசா நான் போடுவேனா?"

மாரீஸ்வரி அதைக் கையில் எடுத்தாள். நான் வாங்கவில்லையே என்று ஒரு நிமிஷம் குழம்பினாள், பிறகு அவளுக்குப் புரிந்தது. ரெண்டாவது என்பது பிள்ளையிடமிருந்து அம்மாவுக்குத்தான் போகும் என்று தெரு முழுக்க நம்பியிருந்தது, அப்படியல்ல, அது இரண்டு பக்கமும் போகக்கூடியதுதான், ஊருணித் தெருவில் நாற்பது அம்மாமாரில் ஒருத்திகூட இத்தனை நாளாகத் தனக்கென்று ஆசைப்பட்டு ஒன்றும் வாங்காததால் அது திரும்பி வர வழியில்லாமல் இருந்திருக்கிறது. போன் அடித்தது.

"ஏட்டி," குருவம்மாளின் குரல் திருடிவிட்டு வந்ததுபோல் இருந்தது. "ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்னம்மா?"

"ஒனக்கு டார்ச் லைட்டு வாங்கலாம்னுதான் போனேன். புழுதிக் காத்து. கண்ணத் தொறக்க முடியல. பிளாட்பாரத்துல ஒருத்தன் கண்ணாடி விக்கான், போட்டுப் பாருங்கம்மான்னான். சும்மாத்தாம் போட்டேன். கண்ணுக்குக் குளுந்து போச்சு. அங்கன மூஞ்சி பாக்குற கண்ணாடி வேற ஒண்ணு தொங்கவிட்டிருக்கான், பாத்தேன். நான் எனக்கு… நல்லா இருந்தேன்ட்டி. கழட்ட மனசு வரல. இருநூத்தம்பது ரூவா. ஒண்ணுக்கும் ஆகாத சாமான்."

மாரீஸ்வரி தன் கையிலிருந்ததை மாட்டிக்கொண்டாள். அறை இருண்டது. கண்ணாடிக்குக் கீழே கண்ணீர் வழிந்து வாயோரம் வந்தது.

"இப்பவும் போட்டிருக்கியாம்மா?"

"அடுப்படிக்குள்ள நிக்கேன். ஒரே இருட்டு. உப்பு எது சீனி எதுன்னு தெரியல. ஆனா கழட்டல."

"எனக்கும் இருட்டாத்தாம்மா இருக்கு."

"பகல்ல ஒனக்கு ஏன் இருட்டா இருக்கு? ஏட்டி, அழுறியா?"

"வந்திருச்சும்மா."

"என்னது?"

"ஒன்னோட ரெண்டாவது. என் அலமாரிக்கு வந்திருச்சு. நானும் போட்டிருக்கேன்."

மகள் எதிர்பார்த்தபடியே குருவம்மாளின் குரல் பரபரவென்று எழுந்தது.

"அப்ப நான் வாங்குனா ஒனக்கு வருமா? இது தெரியாமப் போச்சே! சொல்லுட்டி, என்ன வேணும்? ஸ்வெட்டரு வேணும்னியே, இந்தா இப்பவே போறேன்."

"வராதும்மா. எனக்குன்னு வாங்குனா வராது. ஒனக்குன்னு வாங்குனாத்தான் எனக்கு வரும்."

"இது என்னட்டி அநியாயமா இருக்கு?"

"ஆமாம்மா. எனக்கும் அப்பிடித்தான் இருந்துச்சு."

குருவம்மாள் யோசித்தாள். ஓசூர் அறையில் தவமணி பக்கத்தில் வந்து போனில் காதை வைத்தாள்.

"பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல ஒரு கடை இருக்குல்ல," என்றாள் குருவம்மாள் கடைசியில், மெதுவாக, யாருக்கோ கேட்டுவிடும் என்பதுபோல். "ஒசரமா ஒரு கிளாஸ்ல தருவான். அடியில சேமியா, மேல ஐஸ்கிரீமு, அதுக்கு மேல செவப்பா ஒரு பழம். பேரு தெரியாது. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஏழு வருசமாப் பாத்துட்டே போறேன்."

மாரீஸ்வரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்தாள்.

"போகட்டுமாட்டி?"

"போம்மா. மெதுவாத் தின்னு."

போனை வைத்துவிட்டு அவள் அலமாரியிலிருந்த சீப்பையும் பவுடர் டப்பாவையும் எடுத்துக் கீழே வைத்தாள், ஈரத்துணியால் பலகையைத் துடைத்தாள், உயரமான கிளாஸ் ஒன்று இடிக்காமல் நிற்குமா என்று கையால் அளந்து பார்த்தாள், பிறகு தவமணியிடம் இரண்டு கரண்டி கேட்டாள்.